புதிய ஊரில் பழக ஆள் தேடுபவருக்கு எந்தப் பொழுதுபோக்கு? சென்னையை வைத்து ஓர் ஒப்பீடு

முப்பது வயதைக் கடந்து ஊர் மாறி வருகிறவருக்கு வாடகை வீடு கிடைத்துவிடுகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிடுகிறது, கேஸ் இணைப்புகூடச் சில நாட்களில் மாறி வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடைப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அலுவலகத்தில் பேச்சு வேலையைச் சுற்றியே முடிந்துவிடும். அடுக்ககத்தில் லிஃப்ட் மேலே போகும் நேரத்துக்குள் முடிகிற நலம் விசாரிப்போடு சரி. பணி ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சென்னைக்கு வந்து சேர்கிற பெரியவர்களின் நிலை இன்னும் ஒரு படி மோசம், ஏனென்றால் அவர்களுக்கு அலுவலகமும் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, பிடித்த பொழுதுபோக்குக்கான குழு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள் என்பது. யோசனை சரிதான். ஆனால் எல்லாக் குழுவும் மனிதர்களை ஒரே மாதிரி நெருங்க வைப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. சென்னையில் எளிதாகச் சேரக்கூடிய சில பொழுதுபோக்குகளை, அவை எவ்வளவு சுவையானவை என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றின் வழியாக மனிதர்கள் எவ்வளவு பழக்கமாகிறார்கள் என்ற ஒரே நோக்கில் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உதவுகிறது. ஆறு மாதங்களுக்குள் ஊர் மாறியிருந்த 355 பேரிடமும், கல்லூரிக்குப் புதிதாக வந்த 112 மாணவர்களிடமும் கேட்டறிந்து, வெறும் அறிமுகமாக இருப்பவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லத்தக்கவராக ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் இருவரும் சேர்ந்து கழித்திருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். சேர்ந்து வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை, ஓய்வாகச் சேர்ந்திருக்கும் நேரமே பயன்படுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்கர்களைக் கேட்டுக் கண்ட எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் ஒரு குழு எப்போதெல்லாம் கூடுகிறது என்று விசாரித்து, 50 மணி நேரம் சேர எத்தனை மாதம் ஆகும் என்று வகுத்துப் பார்ப்பது, மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையைவிட உருப்படியானது.

மணிக்கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள் வருகிறார்களா, கூடியிருக்கும் நேரத்தில் பேசுவதற்கு இடைவெளி இருக்கிறதா, ஒன்றும் தெரியாமல் முதல்நாள் வந்து நிற்கிறவருக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. தன்னால் யாருக்கும் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று உணர்கிற இடத்துக்கு மூன்றாவது முறை யாரும் போவதில்லை.

வெறும் மணிக்கணக்கில் பார்த்தால் முதலிடம் ஓட்டக் குழுக்களுக்குத்தான். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 11 வாரத்தில் ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்துவிடும். செலவு ஒரு நல்ல ஷூ. கடற்கரைச் சாலையிலும் பூங்காக்களிலும் விடியற்காலையில் கூடும் இந்தக் குழுக்களில் வேகத்தைப் பொறுத்து ஆட்கள் தானாகவே பிரிந்துவிடுவார்கள் என்பதால், புதிதாக வருகிறவர் கடைசியில் தனியாக ஓடுவதற்கு வாய்ப்பு அதிகம். பேச்செல்லாம் ஓட்டம் முடிந்தபின் காபிக் கடையில்தான் நடக்கும். முழங்கால் வலி வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டால் பழக்கமும் சேர்ந்து நின்றுவிடுவதை நிறையப் பார்க்கலாம். ஓடுவதில் முன்பே ஈடுபாடு உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பழக்கம் தேடுவதற்காக மட்டும் ஓடத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னைக்குச் சதுரங்க நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டத்தை 1961-இல் பெற்ற மேனுவல் ஏரன் இந்த ஊர்க்காரர். 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியனானார். எதிரே இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற விதி இந்த ஆட்டத்திலேயே இருப்பதால், பழகுவதற்கு இதைவிட ஏற்றது எது என்று தோன்றலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் இருவரும் வாய் திறப்பதில்லை. பேச்சு தொடங்குவது ஆட்டம் முடிந்தபிறகு, தோற்றவரும் வென்றவரும் காய்களைப் பழையபடி அடுக்கி, எந்த நகர்த்தலில் நிலைமை மாறியது என்று திரும்பப் போட்டுப் பார்க்கும்போதுதான். இருவரின் திறமையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அந்த அரை மணி நேரம் மிக இனிமையானது. சமமாக இல்லாவிட்டால் அது பாடம் நடத்துவதாகிவிடும். சென்னையில் புதிதாக ஆடத் தொடங்கும் நாற்பது வயதுக்காரர் முதலில் எட்டு வயதுச் சிறுமியிடம் தோற்க வேண்டியிருக்கும் என்பதும், பயிற்சிக் கூடங்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்காகவே நடக்கின்றன என்பதும் இங்குள்ள நடைமுறை. உண்மையில் சதுரங்கப் போட்டிகளில் ஆழமாகப் பழக்கமாகிறவர்கள் உள்ளே ஆடுகிறவர்கள் அல்லர். மண்டபத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாலை கடைசிச் சுற்று முடியும்வரை காத்திருக்கும் அப்பா அம்மாக்கள்தாம். செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ஒரே கவலையோடு, ஒரே இடத்தில் பல மணி நேரம் இருப்பவர்களுக்குப் பேசாமல் இருப்பதுதான் சிரமம்.

பேச இடைவெளி இல்லை என்பதால்தான் கச்சேரிகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. மார்கழியில் ஒரு ரசிகர் அரங்குகளில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் 50 மணியை எளிதாகத் தாண்டும், ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசினால் முன்வரிசை திரும்பி முறைக்கும். சபா கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிடும் நேரத்தை மட்டும் வேண்டுமானால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வாசிப்பு இன்னும் சிக்கலானது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாநிலம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணம். அந்த மரபில் வந்த அரசு நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. கட்டணம் இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பேச்சு தமிழில் நடக்கும், எல்லா வயதினரும் வருவார்கள். இவ்வளவு வசதி இருந்தும் இத்தகைய கூட்டங்களில் ஆண்டுக்கணக்காகக் கலந்துகொண்டும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குக்கூடப் பழகாதவர்கள் இருக்கிறார்கள். காரணம் நாற்காலிகள் மேடையைப் பார்த்துப் போடப்பட்டிருப்பதுதான். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி முடிந்தவுடன் எல்லோரும் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு மாறாக, எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டு மாடியிலோ பூங்காவிலோ வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் முன்கூட்டியே படித்து வந்த ஒரே புத்தகத்தைப் பற்றிப் பேசும் சிறு வட்டங்கள் முற்றிலும் வேறு வகை. அங்கே ஒரு கதாபாத்திரத்தின் முடிவைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லப் போகிறவர் தன்னையறியாமல் தன் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுவார். இத்தகைய பேச்சு வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் இவ்வளவு விரைவில் வருவதில்லை. குறை ஒன்றுதான்: மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வாசிப்பைத் தேர்ந்தெடுப்பவர், கூட்டம் நடக்கும் இடத்தைக் கேட்பதற்கு முன்னால் நாற்காலி எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பது நல்லது.

பறவை பார்த்தலுக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை சொன்னவற்றில் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இதில் இல்லை. 1978-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற பழைய அமைப்புகளும், அண்மையில் உருவான பல சிறு குழுக்களும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், அடையாறு முகத்துவாரம், கேளம்பாக்கம் உப்பங்கழி, பழவேற்காடு என்று போய்வருகின்றன. ஆறு மணிக்குக் கூடி ஒன்பது, ஒன்பதரை மணிக்குக் கலைவார்கள். ஏரிக்கரையில் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றுதான் இருக்கும், ஆட்கள் பத்துப் பேர் இருப்பார்கள். தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்றல்தான் இதன் சிறப்பு. பறவை பறந்துவிடுமே என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதால், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் பேச்சு எளிதாக வருகிறது. பேசாமல் நின்றாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.

முதல்நாள் வருகிறவருக்கு இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது. குழுவில் ஒருவர் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். பார்த்த இனங்களின் பெயரோடு எண்ணிக்கையையும் குறித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈ-பேர்ட் தளத்தில் அன்றே ஏற்றிவிடுவது வழக்கம். "அந்தப் பக்கம் நத்தைகுத்தி நாரை எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்று அவர் கேட்கும்போது, பறவை பற்றி ஒன்றுமே தெரியாதவராலும் எண்ண முடியும். எண்ணிச் சொன்ன எண் பட்டியலில் ஏறிவிடும். அடுத்த நிலையில், தூரத்துச் சேற்றில் மேயும் உள்ளான் எந்த வகை என்ற தகராறு வரும்: கால் பச்சையா மஞ்சளா, அலகு மெல்லியதாக நேராக இருக்கிறதா, சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கிறதா, பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரிந்ததா என்று ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்ல, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் நிற்பார். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலுள்ள தூரம் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது. சதுரங்கத்தில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை.

மணிக்கணக்கில், மாதம் ஒரு முறை மூன்று மணி நேரம் என்றால் 50 மணி சேர 17 மாதம் ஆகும். ஆனால் இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேடந்தாங்கலுக்கோ, வடக்கே பழவேற்காட்டுக்கோ நான்கு பேர் ஒரே காரில் சேர்ந்து போனால், போகவர ஆகும் நேரமும் நின்று டிபன் சாப்பிடும் நேரமும் சேர்ந்து ஒரு பயணம் ஏழெட்டு மணி நேரமாகிவிடும். வலசைப் பறவைகள் இருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் இருமுறை போனாலே ஒரே பருவத்தில் 70 மணி நேரம் தாண்டிவிடுகிறது, அதுவும் மூன்றே பேரோடு. பழக்கம் உண்மையில் உருவாவது ஏரிக்கரையைவிடக் காரின் பின் இருக்கையில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே புதிதாகச் சேர்கிறவர் தனி வண்டியில் வசதியாகப் போய் இறங்குவதைவிட, "வண்டியில் இடம் இருக்கிறதா" என்று கேட்பதோ, தன் வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொள்வதோ பலமடங்கு பயன் தரும்.

இதிலும் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் உண்டு. பைனாக்குலர் வாங்க விரும்புகிறவருக்கு 8x42 அளவில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஓரளவு நல்லதே கிடைக்கும். முதல் சில மாதம் அதுகூடத் தேவையில்லை, யாராவது கழுத்திலிருந்து கழற்றித் தருவார்கள். ஆனால் கேமராவும் பெரிய லென்ஸுமாக வருகிறவர்களின் குழுவில் சேர்ந்துவிட்டால் பேச்சு பறவையிலிருந்து லென்ஸுக்குத் தாவிவிடும், செலவும் லட்சத்தைத் தொட்டுவிடும், நல்ல படத்துக்கான இடத்தைப் பிடிப்பதில் போட்டியும் தொடங்கிவிடும். பட்டியல் எழுதுகிற குழு, படம் எடுக்கிற குழு என்ற வேறுபாட்டை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று மொழி. சென்னையின் பறவைக் குழுக்கள் பலவற்றில் பேச்சு இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்குப் போய்விடும். அரிவாள் மூக்கன், கூழைக்கடா, தாழைக்கோழி, பனங்காடை என்று கேட்டு வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. எந்த ஊரிலும் எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும் என்பதால், பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊர்ப்புறத்து ஆர்வலர்களும் நிறையச் சேர்கிறார்கள், பேச்சும் தமிழில் இருக்கிறது. சொந்த மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் அது கணக்கில் சேரும்.

பறவை பார்த்தலோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படுவது ஆமை நடை. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் சென்னைக் கரையில் இதைச் செய்துவருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து, முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளின் தடத்தைத் தேடுவதுதான் வேலை. தடம் தெரிந்தால், எங்கே மணல் இளகியிருக்கிறது என்று மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்து, கையால் தோண்டி, நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், தாய் ஆமை தோண்டிய அதே ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற அதே வடிவத்தில் குழி எடுத்துப் புதைக்க வேண்டும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். நாய்களும் மனிதர்களும் தொடாமல் முட்டைகளைக் காப்பதற்கு விடிவதற்குள் இவ்வளவும் முடிய வேண்டும்.

பழக்கம் என்ற நோக்கில் ஆமை நடையில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வார இறுதியில் பொதுமக்களுக்காக நடத்தும் நடையில் பெருங்கூட்டம் வரும், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அங்கே யாரோடும் பழக்கம் ஏற்பட வாய்ப்பில்லை. தன்னார்வலராகத் தொடர்ந்து வருகிறவர்களின் கதை வேறு. வாரம் ஒரு இரவு ஐந்து மணி நேரம் என்றாலும் மூன்று மாதத்தில் 60 மணி நேரம் சேர்ந்துவிடும். டார்ச் அடிக்கக் கூடாது, செல்பேசி வெளிச்சம் கூடாது, பல இரவுகளில் ஆமையும் வராது. இருட்டில் முகம் தெரியாமல் நடந்துகொண்டே பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லாத அந்த இரவுகளில் பகலில் சொல்லாததை எல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அவற்றை எண்ணிப் பதிவு செய்ய வேண்டியிருந்ததுபோல, துக்கத்தையும் சேர்ந்து பார்க்கிற பொழுதுபோக்கு இது. ஆனால் தொடர்ந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வயதினர்; காலையில் எழுந்து அலுவலகம் போக வேண்டியவருக்கும், கைக்குழந்தை உள்ளவருக்கும், நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியே போக வீட்டாரின் சம்மதத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கும் பல பெண்களுக்கும் இது எட்டாத தூரத்தில் இருக்கிறது. மீதி ஒன்பது மாதம் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு.

இந்த வரிசையில் தபால்தலை சேகரிப்பைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கக்கூடும். நான் அதை மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கம் 1956 முதல் சென்னையில் இருக்கிறது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்போருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீட்டுக்கே வந்து சேரும். இதன் பலம், தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை போலத் தெரிந்தாலும் இன்னொருவர் இல்லாமல் இதில் ஓர் அடிகூட நகர முடியாது என்பதில் இருக்கிறது. ஒரு தொகுதியில் நான்கு தலைகள் என்றால் நம்மிடம் மூன்று இருக்கும், அதில் ஒன்று இரண்டு பிரதியாக இருக்கும்; நமக்கு வேண்டிய நான்காவது வேறு ஒருவரிடம் இரண்டாக இருக்கும். மாற்றிக்கொள்வதற்காகவே சந்திக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் நாடுவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் இரட்டைப் பிரதிகளை மேசையில் பரப்பி, விரல் படாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பின்பக்கப் பசையைப் பார்த்து, ஓரத்துத் துளைகளில் பல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, இதற்கு அது சமமா என்று இருவரும் பேரம் பேசும் ஒரு மாலை நேரத்தில், அந்தத் தலை எப்படிக் கிடைத்தது என்ற கதை வராமல் போகாது. 1947 நவம்பர் 21-இல் வெளியான, தேசியக் கொடியும் ஜெய்ஹிந்த் என்ற எழுத்தும் பொறித்த மூன்றரை அணாத் தலையை வைத்திருப்பவரிடம் அது அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால், அவருடைய தாத்தா எங்கே வேலை பார்த்தார், குடும்பம் ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஹாலின் மணிக்கணக்கைப் பற்றி முன்பு போகிறபோக்கில் சொன்ன ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் கணக்கிட்டது இரண்டு பேர் சேர்ந்து கழித்த நேரம். பத்துப் பேர் நடக்கும் பறவை நடையில் மூன்று மணி நேரம் என்றால், அதில் குறிப்பிட்ட ஒருவரோடு பேசியது இருபது நிமிடம் இருக்கலாம். ஒரே மேசையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து தபால்தலை மாற்றிக்கொண்ட இரண்டு மணி நேரம் முழுதாக இரண்டு மணி நேரம். சங்கக் கூட்டம் மாதம் ஒன்றிரண்டு முறைதான் என்றாலும், ஆல்பத்தைப் பார்க்க வீட்டுக்கு வாருங்கள் என்ற அழைப்பு இதில் வந்தே தீரும். வீட்டுக்குப் போய்வருகிற பழக்கம் ஓட்டக் குழுவில் ஓராண்டு ஓடினாலும் வருவது அரிது. புதியவர் கொண்டுவரக்கூடிய பொருளும் இதில் உண்டு. பரணில் கிடக்கும் பழைய கடிதக் கட்டையோ, வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் அனுப்பிய உறைகளையோ எடுத்து வந்தால் அன்றைக்கு அவர்தான் நாயகர்.

குறை என்னவென்றால், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். கடிதம் எழுதுவதே குறைந்துபோய், விரைவஞ்சல் உறைகளில் தலைக்குப் பதில் அச்சிட்ட கோட்டுக் குறியீடு ஒட்டப்பட்டு வருகிற காலத்தில், புதிய தலைமுறை தானாகச் சேர்வதற்கு வழியும் குறைந்துவிட்டது. முப்பது வயதுப் பெண் ஒருவர் அங்கே போனால் மரியாதையாக நடத்துவார்கள், எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள், ஆனால் தன் வயதில் ஒரு தோழியைத் தேடிப் போயிருந்தால் அவருக்கு ஏமாற்றம்தான்.

வீட்டை விட்டு அதிகம் நகர முடியாதவர்களுக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளையோ நோயாளிகளையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு, இவை எதுவும் சரிப்படாது. அவர்களுக்கு மாடித்தோட்டத்தைச் சொல்வேன். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்துவருகிற பை, தென்னை நார்க்கழிவு, விதை அடங்கிய தொகுப்போடு தொடங்கலாம். தோட்டத்தில் எல்லாமே ஒருவரின் தேவைக்கு மிஞ்சியே வரும்: ஒரு பொட்டலம் மிளகாய் விதை எந்த மாடிக்கும் அதிகம், கத்தரி காய்க்கத் தொடங்கினால் ஒரு வீட்டால் தின்று தீர்க்க முடியாது, மாவுப்பூச்சி வந்தாலோ பக்கத்து மாடிக்காரரிடம் வேப்பெண்ணெய்க் கரைசல் எந்த அளவில் கலந்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாரம் ஊருக்குப் போவதென்றால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மணிக்கணக்கெல்லாம் இங்கே பொருந்தாது. சாவியைக் கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் அதன்பிறகு வெறும் பக்கத்து வீடுகளாக இருப்பதில்லை. ஆனால் யாரோடு பழகுவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இதில் இல்லை, பக்கத்தில் இருப்பவர் யாரோ அவரோடுதான்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? உடல்நிலை ஒத்துழைத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓய்வாகக் கிடைக்கிற பெரும்பாலோருக்குப் பறவை பார்த்தலே என் முதல் பரிந்துரை, காரில் சேர்ந்து போவது என்ற நிபந்தனையோடு. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள், அதிலும் கூட்டமாகப் பேசுவதைவிட ஒருவரோடு ஒருவர் பேசுவதை விரும்புகிறவர்கள், தபால்தலைக்குப் போகலாம். இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள் ஆமைகளிடம் போகலாம், தன்னார்வலராக மட்டும். வாசிப்பவர்கள் பெரிய கூட்டங்களை விட்டுவிட்டுச் சிறு வட்டத்தைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் தாங்களே நான்கு பேரை வைத்துத் தொடங்குவதும் கடினமில்லை. சதுரங்கம் முன்பே ஆடிப் பழகியவர்களுக்கு மட்டும். எதில் சேர்ந்தாலும் ஒரு குழுவிலேயே ஆறு மாதம் இருந்து பார்க்க வேண்டும். மாதம் ஒரு குழுவாக மாறிக்கொண்டிருப்பவருக்கு எங்கேயும் 50 மணி நேரம் சேராது.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் டிசம்பர் இறுதி, ஜனவரி. வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும், பொங்கல் கணக்கெடுப்பு நடக்கும், ஆமைப் பருவம் தொடங்கும், 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும், வெயிலும் குறைவு. பறவையையும் ஆமையையும் இரண்டையுமே முயன்று பார்க்க நினைக்கிறவர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்: சனிக்கிழமை இரவு மணலில் நடந்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு வீடு திரும்புகிறவரால் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பெரும்பாக்கத்தில் போய் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவை ஆமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பறவைக்கும் என்று பிரித்துக்கொண்டால், நடுவில் சனிக்கிழமை தூங்குவதற்குக் கிடைக்கும்.